லோடு ஏற்றிப் பார்த்துச் சொல்லுங்கள்



டி.என்.பி.எல். என்கிற தமிழ்நாடு பிரீமியர் லீக் தரமான கிரிக்கெட்டா, வெறும் கேளிக்கையா? தரமான கிரிக்கெட்டே என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணி நண்பர் 2023-ஆம் ஆண்டை எடுத்துப் போட்டார். நம்ம சேலம் ஸ்பார்ட்டன்ஸ் கேப்டன், சேப்பாக் அணிக்கு எதிராக இன்னிங்ஸின் கடைசிப் பந்தில் மட்டும் 18 ரன் கொடுத்தார், நோ-பால் மேல் நோ-பால், ஊரே சிரித்தது என்றார். நடந்தது உண்மை. பொறுப்பு தன்னுடையதுதான் என்று ஆட்டம் முடிந்ததும் அந்தக் கேப்டன் ஒப்புக்கொண்டதும் உண்மை. ஆனால் நடுவர் அவர்களே, ஒரு பந்தை வைத்து ஒரு லீக்கை எடை போடலாமா?

நாமக்கல் பட்டறையில் லாரிக்கு பாடி கட்டுகிறார்கள். பெயின்ட் பளபளப்பைப் பார்த்தா வண்டியின் தரத்தைச் சொல்கிறோம்? லோடு ஏற்று, தொப்பூர் கணவாயைத் தாண்டட்டும், அப்புறம் பேசலாம் என்கிறோம். அதே கணக்கை இங்கேயும் போடுங்கள்.

சின்னப்பம்பட்டி நடராஜன். அப்பா தறிக்கூலி, அம்மா சாலையோரக் கடை. டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்த பிள்ளை. 2015-இல் ரஞ்சி ஆடினார். பந்துவீச்சு முறையில் சந்தேகம் எழுந்தது, ஒதுங்க நேர்ந்தது. திருத்திக்கொண்டு வந்தவருக்கு நிற்க இடம் கொடுத்தது எது? 2016-இல் தொடங்கிய இந்த லீக்! முதல் ஆண்டே திண்டுக்கல் டிராகன்ஸுக்காக ஒரு சூப்பர் ஓவரில் ஆறு பந்தையும் யார்க்கராக இறக்கினார். அடுத்த ஆண்டு ஐ.பி.எல். ஏலத்தில் அடிப்படை விலை 10 லட்சம்; பஞ்சாப் எடுத்த விலை 3 கோடி. 2020 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் ஒருநாள் ஆட்டம், டி20; 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் டெஸ்ட். ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமான முதல் இந்தியர் நம்ம சேலத்துக்காரர். வண்டி கணவாயைத் தாண்டியதா இல்லையா, நடுவர் அவர்களே?

ஒருவர்தானே என்பார்கள். ஆர்க்கிடெக்ட் வேலை பார்த்துவிட்டு ஆட்டத்துக்குத் திரும்பியவர் வருண் சக்கரவர்த்தி. 2018-இல் மதுரை பாந்தர்ஸ் கோப்பை வென்றபோது அந்த அணியில் சுழற்பந்து போட்டார். அடுத்த ஐ.பி.எல். ஏலத்தில் அவர் விலை 8 கோடியே 40 லட்சம். 2019 இறுதி ஆட்டத்தில் ஐந்து விக்கெட் எடுத்துச் சேப்பாக்குக்குக் கோப்பை வாங்கித் தந்த பெரியசாமி யார்? நடராஜன் கைதூக்கிவிட்ட சேலத்துப் பிள்ளை!

சூதாட்டப் பேச்சு வந்ததே என்றார் இன்னொரு நண்பர். அதே 2019-இல் வந்தது. முன்பின் தெரியாதவர்கள் வாட்ஸ்அப்பில் அணுகுகிறார்கள் என்று ஊழல் தடுப்புப் பிரிவிடம் போய்ச் சொன்னவர்கள் யார்? இந்த லீக்கின் வீரர்களே. ஆடுகிறவனிடம் நேர்மை இருப்பதும் தரம்தான்.

முன்பெல்லாம் நல்ல ஆட்டம் பார்க்கவும், நாலு பேர் கண்ணில் படவும் சென்னைக்கு ரயில் ஏற வேண்டும். இன்று வாழப்பாடி மைதானத்திலேயே டி.என்.பி.எல். நடக்கிறது. ஆத்தூர்ப் பையனும் ராசிபுரத்துப் பையனும் டவுன் பஸ்ஸில் போய், இந்தியாவுக்கு ஆடியவர் எப்படி ஓடி வந்து பந்து போடுகிறார் என்று பக்கத்திலிருந்து பார்க்கிறார்கள்.

நடராஜன் 2023-இல் சின்னப்பம்பட்டியில் ஒரு மைதானம் அமைத்தார். தினேஷ் கார்த்திக் வந்து திறந்துவைத்தார். தனக்குத் திறந்த கதவை ஊருக்கும் திறந்துவிட்டிருக்கிறார் அவர். அங்கே இன்று பந்து போடுகிற பிள்ளையிடம், நீ போகப்போகும் லீக் வெறும் கேளிக்கை என்று சொல்லி அனுப்பாதீர்கள். டி.என்.பி.எல். தரமான கிரிக்கெட்டே என்று தீர்ப்பளியுங்கள், நடுவர் அவர்களே.