சந்தோஷத்துக்காகப் படிப்பது

(கீழ்பென்னாத்தூர் வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இயக்கத்தில் இருக்கிற நாம எதுக்காகப் படிக்கிறோம்? கூட்டத்தில் பேச, எதிராளிக்குப் பதில் சொல்ல, பரீட்சை எழுத. அம்பேத்கரையும் அடிக்கோடு போட்டுத்தான் படிக்கிறோம். அது வேணும். ஆனா திண்ணையில் படுத்துக்கிட்டு, பொழுது போறது தெரியாம, சிரிச்சிக்கிட்டே படிக்கிற சுகம் யாருக்குச் சொந்தம்? ஓய்வு மறுக்கப்பட்ட சனங்களுக்கு அந்தச் சுகமும் மறுக்கப்பட்டதுதான். 'அதெல்லாம் நடுத்தர வர்க்கச் சொகுசு' என்கிறார் ஒரு தோழர். எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடினது, மிச்ச நேரம் நமக்கு வேணும்னுதானே?

பள்ளிக்கூடத்து மனப்பாடத்தில் செத்துப்போன ருசியை முப்பது வயசுக்கு மேல எனக்குத் திருப்பிக் கொடுத்தது தன்வரலாறுகள். முதலில் கிடைத்தது 1992இல் வந்த பாமாவின் 'கருக்கு'. ஊர்ப் பெரியவர் ஒருத்தர் தின்பண்டப் பொட்டலத்தைக் கையில் தொடாமல், கயிற்றைப் பிடித்துத் தூக்கிக்கிட்டுப் போறார். மூணாம் வகுப்புப் பிள்ளைக்குச் சிரிப்பு தாங்கலை. வீட்டுக்கு வந்து சொன்னதும் அண்ணன் விளக்குகிறார்: நாயக்கர் தின்பதை நம்மாள் தொட்டால் தீட்டாம். நாமும் அந்தப் பிள்ளையோடு சேர்ந்துதான் சிரிச்சிருக்கிறோம். அந்தச் சிரிப்பு அப்படியே தொண்டையில் நிக்குது. எந்தத் துண்டறிக்கையும் எனக்கு இதைச் செய்ததில்லை. அது தெக்கத்திப் பேச்சு, நம்ம வடாற்காட்டுப் பேச்சு இல்லை. ஆனாலும் ஒரு இடத்திலும் இடறவில்லை.

அப்புறம் தேடித் தேடிப் படிச்சேன். கன்னடக் கவிஞர் சித்தலிங்கய்யாவின் 'ஊரும் சேரியும்', பாவண்ணன் தமிழில் தந்தது. நுகத்தடியில் மாட்டுக்குப் பதிலா ரெண்டு மனுஷங்க. அதில் ஒருத்தர் அவரோட அப்பா. இப்படித் தொடங்குற புத்தகம் நம்மைச் சிரிக்க வைக்குது! நம்மகிட்டயிருந்து கண்ணீரை மட்டுமே எதிர்பார்க்கிற விமர்சகர்களுக்கு இது பிடிபடாது. 2002இல் ராஜ்கௌதமனின் 'சிலுவைராஜ் சரித்திரம்' வந்தது. அது நாவல்தான், ஆனா தன்னையே கிண்டல் பண்ணிக்கிற தைரியம் அதில் இருக்கு. 2005இல் கே.ஏ. குணசேகரனின் 'வடு'.

இது நேத்து வந்த சரக்கும் இல்லை. ரெட்டமலை சீனிவாசன் 1939லேயே 'ஜீவிய சரித்திர சுருக்கம்' எழுதிட்டார்.

இங்கே ஒரு கட்டுப் புத்தகம் கொண்டுவந்திருக்கேன், எடுத்துக்கிட்டுப் போங்க. குறிப்பு எடுக்காமப் படிங்க. மல்லாட்டை உரிக்க உட்கார்ற ராத்திரியில யாராவது ஒருத்தர் உரக்கப் படிங்க. எழுதப் படிக்கத் தெரியாத ஆயாங்க முதல்ல சிரிப்பாங்க. அப்புறம் தங்க கதையை ஆரம்பிப்பாங்க. அப்போ புத்தகத்தை மூடி வச்சிட்டுக் கேளுங்க.