சின்னச் சொல், பெரிய தப்பு
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"படிக்கிற பசங்களுக்கு உபயோகமா ஏதாவது சொல்லுங்க" என்றார் சங்கச் செயலாளர். அதனால் நான் செய்த ஒரு தப்பையே சொல்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம். ஒரு தண்ணீர்க் குழாயில் அழுத்தம் 6 பார். மறுநாள் அதில் மாட்ட வேண்டிய ரப்பர் ஹோஸ் 3 பார்தான் தாங்கும். இரவு ஷிப்டுக்குச் சீட்டு எழுதினேன்: 'ரெட்யூஸ் பிரஷர் பை 2 பார்.' நான் நினைத்தது, '2 பாராகக் குறை' என்று. அதற்கு 'டு 2 பார்' என்று எழுதியிருக்க வேண்டும். 'பை' என்றால் இருப்பதில் 2 பார் கழி என்று அர்த்தம். ஆபரேட்டர் அண்ணன் எழுதியபடியே செய்து 4 பாரில் நிறுத்தினார். காலையில் கேஜைப் பார்க்காமல் வால்வைத் திறந்தேன். ஹோஸ் வெடித்தது. பக்கத்தில் நின்றவர் நனைந்ததோடு தப்பினார். பழி முதலில் அந்த அண்ணன் மேல்தான் விழுந்தது. சீட்டை நானே எடுத்துக் காட்டினேன்.

ஏன் தடுமாறுகிறோம்? தமிழில் வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டிக்கொள்கிறது. அதை அப்படியே ஆங்கிலத்தில் போட்டால் மாட்டிக்கொள்வோம். 'அதைப் பற்றி விவாதித்தோம்' என்பதால் 'டிஸ்கஸ் அபவுட்' என்கிறோம். டிஸ்கஸுக்குப் பின்னால் எதுவும் வேண்டாம். 'டிஸ்கஷன்' என்ற பெயர்ச்சொல்லுக்குத்தான் அபவுட். விதிமுறைக்கு உட்படுவதைச் சொல்ல 'கம்ப்ளை' வந்தால் 'வித்', 'அட்ஹியர்' வந்தால் 'டு'. பொருள் ஏறக்குறைய ஒன்றுதான், ஜோடிதான் வேறு.

எனவே வினைச்சொல்லைத் தனியாகப் படிக்காதீர்கள், ஜோடியோடு படியுங்கள். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஹார்ன்பி 1942ல் வெளியிட்ட அகராதி, வினைச்சொல் வாக்கியத்தில் எப்படி அமையும் என்பதையும் காட்டியது. அதன் வழிவந்ததுதான் நம் நூலகத்திலுள்ள ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் அகராதி. சந்தேகம் வந்தால் புரட்டுங்க, வெட்கமே வேண்டாம்.

இன்றும் நான் 'ஃப்ரம் 6 பார் டு 2 பார்' என்று இரண்டு எண்ணையும் எழுதுகிறேன். படிப்பவர் ஊகிக்க இடம் வைப்பதில்லை.