பாட்டுதான் இனிக்கிறது!

நடுவர் அவர்களே! "பழைய பாட்டு இனிக்கிறதா? அது பாட்டு இல்லை, உங்க இளமை" என்றார் எதிரணி நண்பர். ஐயா, எங்க வீட்டுக் கதையைக் கேளுங்க.

நான் ஊத்தங்கரைக்காரன். பையனுக்கு ஓசூர்ல கம்பெனி வேலை. ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு வந்தா காதுல ஒயரை மாட்டிக்குவான். "என்னப்பா கேக்கறே?"

"யோகி பி அண்டு நட்சத்ரா. மலேசியத் தமிழ் ராப். 2006-ல் வந்த 'வல்லவன்'. அந்த மேடைக் கச்சேரி மாதிரி இனி வருமாப்பா!" பெருமூச்சு வேற. முப்பது வயசுல அவனுக்கு ஓர் 'அந்தக் காலம்'! (சிரிப்பு)

"கத்தறதெல்லாம் பாட்டா?" என்றேன். ஒயரை என் காதுல மாட்டினான். எதுகை, மோனை, இயைபு! நான் கரும்பலகையில் எழுதிப்போட்டதெல்லாம் உள்ளே ஓடுது.

அமெரிக்காவின் 'கேங்ஸ்டர் ராப்' கதையும் சொன்னான். 1988-ல் போலீஸ் கெடுபிடியை எதிர்த்துப் பாடியது என்.டபிள்யூ.ஏ. குழு. டூபாக் ஷகூர் 1996-ல் சுடப்பட்டு இறந்தார், வயது 25. மறு வருஷம் நோட்டோரியஸ் பி.ஐ.ஜி.; அவரையும் சுட்டார்கள்; வயது 24. பாட்டுக்கு முப்பது வயசு ஆகிறது. பாடினவங்க முப்பதைத் தொடவே இல்லை.

"தம்பி, அந்தத் துப்பாக்கிக்கு ஏங்காதே. பட்ட வலியை வாய்விட்டுச் சொன்ன துணிச்சலுக்கு ஏங்கு" என்றேன்.

நடுவர் அவர்களே! நான் இதைக் கேட்டது ஐம்பதைத் தாண்டி. இதில் என் இளமை எங்கே இருக்கிறது? ஆனாலும் இனித்ததே! அப்படியானால் இனிப்பது பாட்டுதானே?