ஆற்றங்கரையைக் காத்த நகரம்

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



ஓர் ஊரைப் பற்றிப் பேசவே இன்று வந்திருக்கிறேன். கனடாவில் ஒன்ராறியோ மாகாணத்தில் ஸ்ராற்போட் என்று ஒரு சிறு நகரம் இருக்கிறது. நம்மவர் பெருந்தொகையாக வாழும் ரொறன்ரோவிலிருந்து மேற்கே ஏறக்குறைய 150 கிலோமீற்றர். 2021ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி அங்கே வாழ்வோர் சுமார் 33,000 பேர். அவ்வூரில் கடல் இல்லை, மலை இல்லை, பேர்போன நீர்வீழ்ச்சியும் இல்லை. சுற்றிலும் சமதரையான கமநிலம். நடுவே ஒரு சிற்றாறு. அவ்வளவுதான். ஆயினும் இலட்சக்கணக்கான மக்கள் அங்கு வந்து போகிறார்கள். ஏன் என்று கேட்டால், நாடகம் பார்க்க என்பார்கள். அது பாதி விடை. மற்றப் பாதி அந்த ஆற்றங்கரையில் இருக்கிறது.

முதலில் பெயரைப் பார்ப்போம். 1832இல் அங்கே ஒரு விடுதி எழுந்தது. அதற்கு ஷேக்ஸ்பியர் விடுதி என்று பெயர். அந்த மகாகவி பிறந்த ஆங்கில ஊரின் பெயரே குடியேற்றத்துக்கும் வாய்த்தது. சிறிய தேம்ஸ் என்றிருந்த ஆறும் ஏவன் ஆறு ஆயிற்று. ஆனால் பெயர் வைத்தவுடன் நாடகம் வந்துவிடவில்லை. நூறாண்டுக்கு மேல் அது ஆலைகளின் ஊர். தளபாடம் செய்யும் ஊர். எல்லாவற்றுக்கும் மேலாகப் புகையிரத ஊர். நீராவி எஞ்சின்களைப் பழுதுபார்க்கும் பெரிய வேலைத்தலமே ஊருக்குச் சோறு போட்டது. ஆற்றங்கரையோ குப்பையும் பாழடைந்த கட்டிடங்களுமாய்க் கிடந்தது.

அந்தக் கரையைத் திருத்த முன்வந்தவர்களுள் முதன்மையானவர் தோமஸ் ஓர் என்னும் ஊர்ப் பெரியவர். காப்புறுதித் தொழில் நடத்தியவர். 1904இல் நகரப் பூங்காச் சபை அமைந்தது. அவர் அதில் ஊக்கமாக உழைத்தார். சிறிது சிறிதாகக் கரை துப்புரவாயிற்று, மரங்கள் நட்டார்கள், நடைபாதை அமைந்தது. அப்போதுதான் சோதனை வந்தது. ஒரு புகையிரதக் கம்பனி ஆற்றங்கரையோரமாகத் தண்டவாளம் போட இடம் கேட்டது. புகையிரதத்தால் பிழைக்கும் ஊர் அல்லவா? இன்னொரு பாதை வந்தால் இன்னும் வேலை, இன்னும் வியாபாரம் என்று எண்ணியவர்கள் அநேகர். அவர்கள் எண்ணியதில் நியாயமும் இருந்தது. பசித்தவனிடம் பூந்தோட்டத்தின் பெருமையைச் சொல்லமுடியுமா? ஆயினும் கரை ஊராருக்குப் பொதுவாகவே இருக்கவேண்டும் என்று தோமஸும் அவரைச் சேர்ந்தோரும் வாதாடினார்கள். 1913இல் ஊரார் வாக்களித்துத் தீர்மானித்தார்கள். சிறு வித்தியாசத்தில்தான், ஆனால் கரை தப்பியது. அன்று அந்த வாக்குகள் மாறி விழுந்திருந்தால், நான் இன்று இந்தப் பேச்சைப் பேச இடமே இல்லை.

பின்னர் 1918இல் அன்னப் பறவைகள் ஒரு சோடி ஆற்றுக்கு வந்தன. தீயில் அழிந்த கம்பளி ஆலை ஒன்றின் நிலத்தில், ஷேக்ஸ்பியரின் நூல்களில் வரும் செடி கொடிகளைக் கொண்டு ஒரு தோட்டம் போட்டார்கள். 1936இல் அது திறக்கப்பட்டது. ஆலையின் பழைய புகைபோக்கியை இடிக்காமல் அங்கேயே நிற்கவிட்டார்கள்.

இனி நான் சொல்லப்போவதை இளைஞர்கள் கவனிக்கவேண்டும். அந்தக் கரையில் விளையாடி வளர்ந்த ஒரு பையன், பெயர் ரொம் பற்றர்சன். பள்ளிக்கூடத்துப் பிராயத்திலேயே, "இந்தப் பெயருள்ள ஊரில் ஷேக்ஸ்பியர் நாடகம் ஏன் நடக்கக்கூடாது?" என்று அவருக்கு ஓர் எண்ணம். வளர்ந்து பத்திரிகையாளரானார், எண்ணம் விடவில்லை. நீராவி எஞ்சின் போய் டீசல் எஞ்சின் வரும் காலம் அது. வேலைத்தலம் நெடுநாள் நிலைக்காது என்பது ஊருக்குத் தெரிந்திருந்தது. 1952இல் பற்றர்சன் நகரசபையிடம் போய், ஆலோசனை தேட நியூயோர்க் செல்லப் பணம் கேட்டார். சபை 125 டொலர் கொடுத்தது. அவருக்கு நாடகத்தில் ஒருநாள் அனுபவமும் இல்லை. நியூயோர்க் பயணத்தால் நேரடிப் பயன் விளையவில்லை. ஆனால் அவர் சளைக்கவில்லை. அயர்லாந்தில் இருந்த புகழ்பெற்ற நெறியாளர் ரைரோன் கத்ரியைத் தொலைபேசியில் அழைத்தார். கத்ரி வந்து பார்த்தார், சம்மதித்தார்.

அரங்கு எங்கே அமைப்பது? ஆற்றங்கரைப் பூங்காவின் மேட்டில். கட்டிடம் கட்டப் பணமில்லை. ஆகவே பெரிய கூடாரம். இடையில் பணம் முடை வந்தபோதும் ஒப்பந்தக்காரர் வேலையை நிறுத்தவில்லை. 1953 ஜூலை 13ஆம் திகதி இரவு மூன்றாம் றிச்சாட் நாடகம் அரங்கேறியது. முன்னணி நடிகர் அலெக் கின்னஸ் அரசனாக நடித்தார். நான்கு கோடைகள் கூடாரத்தில் நடந்தபின், 1957இல் நிலையான அரங்கு எழுந்தது. பழைய கூடாரத்தை மறவாதபடி அதன் கூரையை அமைத்தார்கள்.

அந்த மேடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. தான்யா மொய்சேவிச் என்னும் அம்மையார் கத்ரியோடு கலந்து வகுத்தது அது. முன்திரை கிடையாது. மேடை சபைக்குள்ளே நீண்டு வரும். மூன்று பக்கமும் மக்கள் இருப்பார்கள். ஏறக்குறைய 1,800 பேர் இருக்கக்கூடிய அந்த மண்டபத்தில், கடைசி ஆசனமும் மேடையிலிருந்து 65 அடிக்கு அப்பால் இல்லை. பின்னர் இங்கிலாந்தில் சிச்செஸ்ரரிலும் அமெரிக்காவில் மினியாபொலிஸிலும் எழுந்த அரங்குகளுக்கு அதுவே முன்மாதிரி. புகையிரத வேலைத்தலம் 1964இல் மூடப்பட்டது. ஆனால் ஊர் மூடப்படவில்லை.

இன்று அங்கு போகிறவர் ஒரு நாளை எப்படிக் கழிக்கிறார்? காலையில் கரையோரம் நடக்கலாம். அணைகட்டித் தேக்கிய இடத்தில் ஆறு விரிந்து விக்ரோறியா ஏரி என்று பெயர் பெற்றிருக்கிறது. அதில் தோணி வலிக்கலாம். பழைய நீர்ப்பம்பி நிலையம் இப்போது சித்திரசாலை; அதையும் பார்க்கலாம். மத்தியானம் மரநிழலில் கட்டுச்சோறு. இவற்றுட் பலவற்றுக்குக் காசு வேண்டாம். நாடகம் தொடங்கும் வேளையில் அரங்கின் முன் எக்காளம் ஊதுவார்கள். புல்தரையில் இருந்தவர்கள் எழுந்து உள்ளே போவார்கள். குளிர்காலத்தில் ஆறு உறையும் என்பதால் அன்னங்களை வேறிடத்தில் வைத்துப் பராமரிப்பார்கள். ஏப்ரலில் வாத்திய இசையோடு அவற்றை ஆற்றுக்கு நடத்திச் செல்வது வழக்கம். ஊரார் குழந்தைகளோடு இருமருங்கும் நின்று பார்ப்பார்கள்.

குறை இல்லாத ஊர் எது? நாடகச் சீட்டின் விலை ஏழைக்கு எட்டுவதில்லை. ஆனால் அரங்கின் வாசற்படி எல்லார்க்கும் பொது. 2007இல் நகரின் ஏவன் அரங்குப் படிகளில் உட்கார்ந்து கிற்றார் வாசித்துப் பாடிய ஒரு சிறுவனை இளைஞர்கள் அறிவீர்கள். அவன்தான் பின்னாளில் உலகப் புகழ் பெற்ற ஜஸ்ரின் பீபர்.

2020இல் கொள்ளைநோயால் அந்த ஆண்டு விழாவே நின்றது. மறு ஆண்டு என்ன செய்தார்கள் தெரியுமா? வெளியே பந்தல் விரித்து நாடகம் நடத்தினார்கள். உள்ளே கூடமுடியாத காலத்தில் அவர்களைத் தாங்கியது திறந்த வெளி. 2022இல் ஆற்றோரத்திலே புதிய அரங்கு ஒன்று திறந்தது. அதற்கு ரொம் பற்றர்சனின் பெயர்.

அன்பர்களே, 1913இல் வாக்களித்தவர்களுக்கு நாடகம் வரும் என்று தெரியாது. தமக்குப் பின் வருவோர் நடக்க, உட்கார, காற்று வாங்க ஓர் இடம் வேண்டும் என்பதே அவர்கள் எண்ணியது. நாற்பது ஆண்டுகளின் பின் ஓர் இளைஞன் கனவோடு வந்தபோது அதை இறக்கிவைக்க நிலம் காத்திருந்தது. பெரியோர் காத்திராவிட்டால் இளைஞனுக்கு இடமில்லை. இளைஞன் துணிந்து கேட்டிராவிட்டால் அந்தக் கரை வெறும் பூங்காவாக மட்டும் இருந்திருக்கும்.

ஆதலால் இரு சாராரிடமும் ஒவ்வொரு விண்ணப்பம். பெரியோர்களே, பொதுநிலம் ஒன்றுக்கு விலை பேச யாராவது வரும்போது, இன்றைய வருமானத்தோடு நாற்பது ஆண்டு கழித்து வரப்போகும் பிள்ளையையும் எண்ணிப்பாருங்கள். இளைஞர்களே, 125 டொலர் சிறிய தொகை என்று பற்றர்சன் திருப்பிக் கொடுக்கவில்லை. கிடைத்ததை வாங்கிக்கொண்டு புறப்பட்டார். நீங்களும் புறப்படுங்கள்.