பாய்லர் அறையிலிருந்து வந்திருக்கிறோம்

(வேம்பாரில் நடந்த ஆதரவாளர் கூட்டத்தில் நம் மருத்துவமனையின் பாய்லர் பிரிவு ஊழியர்கள் ஆற்றிய உரை)



இப்படிப்பட்ட கூட்டங்களுக்கு வழக்கமாக டாக்டர் அம்மா வருவார்கள். இல்லாவிட்டால் தலைமை நர்ஸ் சிஸ்டர் வருவார்கள். இந்த முறை, "பாய்லர்காரர்கள் போய்ப் பேசட்டும்" என்று பெரியவர்கள் தீர்மானித்துவிட்டார்கள். நாங்கள் நான்கு பேர். இரண்டு ஆபரேட்டர், ஒரு மெக்கானிக், ஒரு உதவியாள். மேடைப் பழக்கம் எங்களுக்கு இல்லை. பர்னர் இரைச்சலுக்கு நடுவில் கத்திப் பேசித்தான் பழக்கம். குரல் உயர்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவமனையைப் பார்க்க வரும் நன்கொடையாளர்களுக்குப் பிரசவ வார்டைக் காட்டுவோம், எக்ஸ்ரே கருவியைக் காட்டுவோம், யார் யார் நினைவாகக் கட்டில் கொடுக்கப்பட்டது என்ற பெயர்ப் பலகைகளைக் காட்டுவோம். சலவைக்கூடத்துக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஓர் அறை இருக்கிறது, புகைபோக்கி உயரமாகத் தெரியும். அதுவரை யாரும் வருவதில்லை. கரியும் எண்ணெய் வாடையும் உள்ள இடத்துக்கு விருந்தாளிகளை யார்தான் கூட்டி வருவார்கள்? ஆனால் ஆபரேஷன் தியேட்டருக்குள் போகும் ஒவ்வொரு துணியும் கத்தரியும் அந்த அறையின் நீராவியைத் தொட்டுவிட்டுத்தான் போகிறது.

நீராவி எதற்கு, தண்ணீரைக் கொதிக்க வைத்தால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் சூடாகாது. ரண ஜன்னி என்று நாம் சொல்லும் டெட்டனஸ் கிருமி, விதை போல ஓட்டுக்குள் சுருண்டு அந்தக் கொதிநீரையும் தாங்கிக்கொண்டு கிடக்கும். நீராவியை மூடிய கலத்துக்குள் அடைத்து, சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தம் ஏற்றினால் 121 டிகிரி கிடைக்கிறது. அதில் 15 முதல் 20 நிமிடம் வைத்தால் அந்த விதையும் சாகும். இதற்கான ஆட்டோகிளேவ் கருவியை 1879இல் பாரிசில் பாஸ்டரோடு வேலை செய்த சேம்பர்லேண்டு என்பவர் உண்டாக்கினார். உங்கள் வீட்டுக் குக்கரின் நெருங்கிய உறவுதான் அது.

இந்தக் கரைக்கு ஆஸ்பத்திரி வந்தது அதற்கு 300 ஆண்டுகளுக்கு முன்னால். வேம்பார், வைப்பார், தூத்துக்குடி, புன்னைக்காயல் என்று எண்ணப்படும் முத்துக்குளித்துறை ஊர்களில் புன்னைக்காயலில்தான் அன்றிக் அடிகளார் 16ஆம் நூற்றாண்டின் நடுவில் ஒரு மருத்துவமனை நடத்தினார். அதற்குக் கொடுத்துத் தாங்கியவர்கள் இந்தக் கரையின் மக்கள். உங்கள் முன்னோர். ஆகவே ஆஸ்பத்திரிக்குக் கொடுப்பதைப் பற்றி நாங்கள் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அன்பும் கஞ்சியும் அங்கே தாராளமாக இருந்திருக்கும். கிருமியைக் கொல்லும் வழிதான் அன்று உலகத்தில் எங்கும் இல்லை.

இனி எங்கள் வேலைக்கு வருகிறோம். தீயைக் கவனிப்பது பாய்லர்காரர் வேலை என்று எல்லாரும் நினைக்கிறார்கள். தீ தன்னைத்தானே காட்டிக்கொள்ளும். நாங்கள் கவனிப்பது தண்ணீரை. பாய்லரின் முகப்பில் செங்குத்தாக இரண்டு கண்ணாடிக் குழாய்கள் இருக்கும். உள்ளே தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று அவை காட்டும். ஷிப்டு ஏற்றவுடன் முதல் வேலை, அந்தக் கண்ணாடியின் கீழ்க் குழாயைத் திறந்துவிட்டு மூடிப் பார்ப்பது. தண்ணீர் ஓடி இறங்கி, மூடியதும் சட்டென்று பழைய மட்டத்துக்கு ஏற வேண்டும். மெல்ல ஏறினால் வழியில் அடைப்பு இருக்கிறது, கண்ணாடி பொய் சொல்கிறது என்று அர்த்தம். பொய் சொல்லும் கண்ணாடியைவிட உடைந்த கண்ணாடி மேல் என்பது எங்கள் கட்சி.

மட்டம் இறங்கினால் ஆபத்து என்பது எவருக்கும் புரியும். ஏறினாலும் கெடுதல்தான். தண்ணீர் அளவுக்கு மேல் நின்றாலும், உப்பும் அழுக்கும் கூடி நுரைத்தாலும், நீராவியோடு துளித்துளியாகத் தண்ணீரும் குழாய் வழியே போய்விடும். தியேட்டர் சிஸ்டர் ஆட்டோகிளேவைத் திறக்கும்போது துணிக்கட்டு ஈரமாக இருக்கும். ஈரக் கட்டைத் தியேட்டருக்குள் விடமாட்டார்கள். ஈரத்தின் வழியாக வெளிக்கிருமி உள்ளே ஊறிவிடும். மறுபடியும் பிரித்து, மடித்து, முதலிலிருந்து ஏற்ற வேண்டும். அங்கே மேஜை மேல் ஆள் காத்திருப்பார். இங்கே நாங்கள் பாய்லரின் அடியிலுள்ள கசட்டு நீரை நேரத்துக்கு வெளியேற்றாததன் பலன், 200 அடி தள்ளி ஒரு நோயாளியின் வயிற்றில் தெரியும். இதைப் புதிதாக வரும் பையன்களுக்குப் புரிய வைக்கத்தான் எங்களுக்கு நாள் பிடிக்கிறது.

கடற்கரைத் தண்ணீரைப் பற்றி வேம்பாரில் நின்று பேச வெட்கமாக இருக்கிறது. கிணறு தோண்டினால் எப்படிப்பட்ட தண்ணீர் வரும் என்று உங்களுக்குத் தெரியும். பானையில் காய்ச்சினால் அடியில் வெள்ளையாகப் படியுமே, அதேதான் பாய்லர் குழாய்களின் மேலும் படிகிறது. முட்டை ஓட்டுக் கனத்துக்குப் படிந்தாலே சூடு தண்ணீருக்குப் போகாமல் இரும்பிலேயே தங்கிவிடும். எண்ணெய் கூடுதலாக எரியும், குழாய் காய்ந்து பழுக்கும், ஒரு நாள் வெடிப்பு விடும். ஆகவே பாய்லருக்குப் போகும் தண்ணீரை முதலில் மென்னீராக்குகிறோம். ஒரு உருளைக்குள் பிசின் மணிகள் இருக்கும். சுண்ணாம்புச் சத்தை அவை பிடித்து வைத்துக்கொள்ளும். மணிகள் களைத்துப் போனால் அவற்றுக்கு மறுபடி உயிர் கொடுப்பது எது தெரியுமா? சாதாரண உப்பைக் கரைத்த தண்ணீர். தூத்துக்குடி உப்பளத்து உப்புதான். மூட்டை மூட்டையாக வாங்கி வைத்திருக்கிறோம். சமையலறைக்கு வந்ததென்று நினைத்து ஒரு முறை சமையல் அம்மா எடுத்துப் போய்விட்டார்கள். திரும்ப வாங்குவதற்குள் போதும் போதுமென்று ஆகிவிட்டது.

மென்னீர்க் கருவி எங்களுக்கு வந்ததற்கு ஒரு கதை உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசி மாதத்து இரவு, மழையில் மின்சாரம் போய் ஜெனரேட்டரில் ஓடிக்கொண்டிருந்தோம். கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து, பிள்ளை குறுக்கே கிடந்த நிலையில் ஒரு தங்கச்சியை வேன் வைத்துக் கொண்டுவந்தார்கள். ஆபரேஷன் செய்தாக வேண்டும். அன்று மாலையே இரண்டு கேஸ் முடிந்து, தயாராக இருந்த துணிக்கட்டுகள் தீர்ந்துவிட்டன. அடுத்தவை ஆட்டோகிளேவில் ஏறி நீராவிக்குக் காத்திருந்தன. அந்த நேரத்தில் பார்த்தால், கண்ணாடியில் தண்ணீரைக் காணோம்.

பம்பு ஓடுகிற சத்தம் கேட்கிறது. ஆனால் பாய்லருக்குள் தண்ணீர் ஏறவில்லை. இருந்த இன்னொரு பம்பைக் காட்டி, "இதப் போடட்டுமா அண்ணாச்சி?" என்று உதவியாள் பையன் ஓடினான். எங்கள் மூத்த ஆபரேட்டர் அவன் கையைத் தட்டிவிட்டார். "கை வச்சிராதல! மொதல்ல தீய அமத்து."

ஏன் என்று சொல்கிறோம். தண்ணீர் எவ்வளவு இறங்கியிருக்கிறதென்று தெரியாத நேரம் அது. குழாய்கள் வெளியே தெரிந்து பழுத்திருந்தால், அவற்றின் மேல் தண்ணீர் பட்டவுடன் அத்தனையும் ஒரே மூச்சில் ஆவியாகும். தண்ணீர் ஆவியானால் 1,600 மடங்குக்கு மேல் விரியும். தகரக் கூரை மட்டும் போகாது. பக்கத்துச் சலவைக்கூடமும் போகும், அங்கே படுத்திருந்த ஆட்களும் போவார்கள்.

தீயை அமர்த்தினோம், நீராவி நின்றது. தியேட்டரிலிருந்து போன் மேல் போன். "ஒரு உயிர் போகப் போகிறது, தண்ணீர் விட உங்களுக்கு என்ன தடை?" என்று அந்தப் பெண்ணின் அண்ணன் வாசலில் வந்து நின்று அழுதார். அவரைக் குறை சொல்ல முடியுமா? மூத்தவர் பதில் பேசவில்லை. ஸ்டோர் அறையில் கிடந்த பழைய சின்ன ஆட்டோகிளேவைத் தூக்கி வரச் சொன்னார். இரண்டு மண்ணெண்ணெய் ஸ்டவ் ஏற்றி, உள்ளிருந்த காற்றை முழுவதும் வெளியேற்றி, ஒரே ஒரு செட் கருவியும் துணியும் வைத்து, கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவசரப்படுத்திய ஒருவரிடம் மட்டும், "இருபது நிமிசம்னா இருபது நிமிசம்" என்றார். தாயும் பிழைத்தாள், பெண் குழந்தையும் பிழைத்தது.

மறுநாள் பாய்லர் ஆறிய பிறகு பிரித்துப் பார்த்தோம். குழாயில் படிந்த உப்புக்காரை உதிர்ந்து, தண்ணீர் போகும் வால்வுக்குள் சிக்கி வழியை அடைத்திருந்தது. இன்னொரு பம்பும் அதே குழாயில்தான் தள்ளியிருக்கும். ஒருவேளை அந்த அழுத்தத்தில் அடைப்பு திறந்திருந்தால், அன்று என்ன நடந்திருக்கும் என்று நினைக்கவே நடுங்குகிறது. அதற்குப் பிறகுதான் மென்னீர்க் கருவி வந்தது. கொடுத்த சபையார் அதில் பெயர்ப் பலகை வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வைத்திருந்தாலும் எங்களைத் தவிர யார் படிக்கப் போகிறார்கள்!

பாய்லரைக் குறித்த சட்டங்கள் இப்படிப்பட்ட பயத்திலிருந்து பிறந்தவை. 1863இல் கல்கத்தாவில் ஒரு பாய்லர் வெடித்துப் பலர் மாண்டார்கள். அதன் பேரில் மறு ஆண்டே வங்காளத்தில் பாய்லர் பரிசோதனைச் சட்டம் வந்தது. நாடு முழுவதற்கும் 1923இல் இந்தியப் பாய்லர் சட்டம் வந்தது. அது நூறாண்டு ஓடி, இப்போது 2025ஆம் ஆண்டின் புதிய சட்டம் அதன் இடத்துக்கு வந்திருக்கிறது. பாய்லரைப் பரிசோதித்துச் சான்றிதழ் கொடுத்தால்தான் அதை ஓட்டலாம். ஓட்டுகிறவருக்கும் அரசின் தகுதிச் சான்றிதழ் வேண்டும். அதில் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று உண்டு. இத்தனை இருந்தும் 2020இல் நெய்வேலி அனல்மின் நிலையத்தில் மே மாதம் ஒன்று, ஜூலை மாதம் ஒன்று என இரண்டு பாய்லர் விபத்துகளில் தொழிலாளர்கள் பலரை இழந்தோம். அந்தச் செய்தி வந்த நாட்களில் எங்கள் வீட்டுப் பெண்கள் எங்களை வேலைக்கு அனுப்பிவிட்டு எப்படி இருந்திருப்பார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இந்த ஊரில் ஒரு காரியத்தை எளிதாகச் சொல்லலாம். தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். அதைப் பார்த்த பெரியவர்கள் இங்கே ஒரு சிலராவது இருக்கலாம். சங்கு குளிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்தக் காலத்தில் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்குகிறவர் ஒருவர். தோணியில் கயிற்றைப் பிடித்து நிற்பவர் ஒருவர். கீழே இருந்து ஒரு சுண்டு வந்தால் இழுக்க வேண்டும். அக்கா தங்கை தாலியை நினைத்துக் கண் அயராமல் நிற்பான் என்று கயிற்றை மச்சான் கையில் கொடுப்பார்களாம். முத்து எடுத்தவன் பேர் ஊரெல்லாம் தெரியும். வ.உ.சி. 1906இல் தொடங்கிய சுதேசிக் கம்பெனியின் காலியா, லாவோ கப்பல்களைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறோம். அவற்றின் அடித்தளத்தில் நின்று பாய்லருக்குத் தீனி போட்டவர்களை யாரும் கேட்பதில்லை. டாக்டர் அம்மா உள்ளே கத்தியை எடுக்கும்போது, நாங்கள் கயிறு பிடித்து நிற்கிறோம் என்று நினைத்துக்கொள்வோம். இரவு இரண்டு மணிக்குத் தூக்கம் வரும்போது அந்த நினைப்பு உதவுகிறது.

இப்போது பல ஆஸ்பத்திரிகளில் பெரிய பாய்லரை எடுத்துவிட்டு, மின்சாரத்தில் தானே நீராவி உண்டாக்கிக்கொள்ளும் ஆட்டோகிளேவ் வைக்கிறார்கள். நல்லதுதான். எங்கள் இடத்திலும் ஒன்று வந்திருக்கிறது. அதற்கும் நல்ல தண்ணீர் வேண்டும், கதவின் ரப்பர் வளையம் தேய்ந்ததா என்று பார்க்க ஆள் வேண்டும், கட்டுகளை மூட்டை போல அமுக்கி அடைக்காமல் நீராவி நுழைய இடம் விட்டு அடுக்கத் தெரிந்த கை வேண்டும். நீராவி உள்ளே பரவியதா என்று காட்டும் தாளை ஒவ்வொரு காலையும் வைத்துப் பார்க்க வேண்டும். தாள் நிறம் சரியாக மாறாவிட்டால் அன்றைக்கு அந்தக் கருவிக்கு வேலை இல்லை, யார் வந்து கேட்டாலும் சரி.

கூட்டம் தொடங்குமுன் இரண்டு தம்பிகள் வந்து, இந்த வேலைக்கு என்ன படிக்க வேண்டும் என்று கேட்டார்கள். ஐ.டி.ஐ. முடித்திருந்தால் நல்லது. சான்றிதழ் உள்ள ஆபரேட்டரின் கீழ் உதவியாளாக இருந்து பழகி, பிறகு இரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். பழக வருகிறவர்களைச் சேர்த்துக்கொள்ள எங்கள் மூத்தவர் சம்மதித்திருக்கிறார். மற்றவர்களும் அடுத்த முறை ஆஸ்பத்திரி பார்க்க வரும்போது சலவைக்கூடத்துக்குப் பின்னால் ஒரு நடை வாருங்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்புப் போட்டு வர வேண்டும், தரையெல்லாம் எண்ணெய். தாய்மார்கள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். கண்ணாடியில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறதென்று நாங்களே காட்டுகிறோம்.