மழைக்கு முன் டயரைப் பாருங்கள்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் குடியிருப்பிலிருந்து ஒரகடம், வல்லம் வடகால், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம் என்று நாலா பக்கமும் பைக்கிலும் ஸ்கூட்டரிலும் வேலைக்குப் போகிறீர்கள். ஒரு வழிக்கு 15 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 25 நாளைக்கு 750 கிலோமீட்டர், வருடத்துக்கு 9,000. இந்த ஓட்டத்துக்கு எந்த வண்டி, எந்த டயர் என்பதுதான் இன்றைய பேச்சு.

வண்டி வாங்கும்போது ஒரு காட்சியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி மழை, ராத்திரி ஷிப்ட் முடிந்த நேரம், பக்கத்தில் கன்டெய்னர் லாரி, முன்னால் தண்ணீர் நிரம்பிய பள்ளம். அந்த நேரத்தில் எந்த வண்டி உங்களைத் தாங்குமோ அதுவே வருடம் முழுவதற்கும் சரியான வண்டி.

முதலில் சக்கரம். சக்கரம் பெரிதாக இருந்தால் பள்ளத்தில் விழாமல் ஏறிக் கடக்கும். ஆக்டிவா 6ஜியில் முன் சக்கரம் 12 அங்குலம், பின் சக்கரம் 10. ஜூபிட்டரில் இரண்டும் 12. ஸ்ப்ளெண்டரில் இரண்டும் 18. பிள்ளையைப் பள்ளியில் விடவும் கடைக்குப் போகவும் ஸ்கூட்டர்தான் வசதி. தினமும் நெடுஞ்சாலையில் 30 கிலோமீட்டர் என்றால் பெரிய சக்கரம் உள்ள பைக்கையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

அடுத்து பிரேக். 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம்; அதற்குக் கீழே உள்ளவற்றில் சிபிஎஸ் இருந்தாலே போதும் என்றார்கள். சிபிஎஸ் ஒரே பிடியில் இரண்டு சக்கரத்துக்கும் பிரேக்கைப் பகிர்ந்து கொடுக்கும். ஏபிஎஸ், சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் பார்த்துக்கொள்ளும். மழையில் ஓட்டுகிறவர் ஏபிஎஸ்ஸுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் நஷ்டமில்லை.

ஆனால் எந்த பிரேக்கும் டயர் வழியாகத்தான் வேலை செய்ய வேண்டும். டயர் தரையைத் தொடும் இடம் ஏறக்குறைய உள்ளங்கை அளவுதான். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 17 மீட்டர் போய்விடுகிறோம். ஈரத்தில் தண்ணீரை விலக்கி ரப்பரைத் தரையோடு சேர்ப்பது டயரிலுள்ள பள்ளங்கள். அவை தேய்ந்துவிட்டால் எவ்வளவு நல்ல வண்டியும் வழுக்கத்தான் செய்யும்.

பள்ளத்துக்குள் குறுக்கே சிறிய மேடுகள் இருக்கும். டயரின் பக்கவாட்டில் முக்கோணமோ டிடபிள்யூஐ என்ற எழுத்தோ அந்த இடத்தைக் காட்டும். மேற்பரப்பு அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. பக்கவாட்டில் வெடிப்பு இருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

புது டயர் வாங்கும்போது எண்களைப் படியுங்கள். 100/90-17 55பி என்றால் அகலம் 100 மில்லிமீட்டர், உயரம் அதில் 90 சதவீதம், ரிம் 17 அங்குலம். 55 என்பது 218 கிலோ வரை தாங்கும் என்பதற்கும், பி என்பது மணிக்கு 150 கிலோமீட்டர் வேகம் வரை என்பதற்கும் குறியீடு. தனியாக நான்கு இலக்கம் இருக்கும். 3224 என்றால் 2024-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரத்தில் செய்தது. கடையில் வருடக்கணக்காகக் கிடந்த டயரைத் தள்ளுபடிக்காக வாங்காதீர்கள்.

அகலமான டயர் போட்டால் பிடிமானம் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். ரிம்முக்குப் பொருந்தாத டயரின் வடிவம் மாறும், மைலேஜ் குறையும், சில வண்டிகளில் செயினிலோ மட்கார்டிலோ உரசும். கம்பெனி சொன்ன அளவே போதும்.

பின் டயரை மட்டும் மாற்றிவிட்டு முன் டயரை அப்படியே விடுகிறோம். பிரேக் போடும்போது பாரம் முன்னால் சாய்கிறது. பெரும்பகுதி நிறுத்தும் வேலை முன் டயருடையது. அதையும் பாருங்கள்.

அலாய் சக்கரம் என்றால் டியூப்லெஸ் டயர் நல்லது. தொழிற்சாலைச் சாலைகளில் ஆணியும் இரும்புத் துண்டும் சகஜம். டியூப் டயர் சட்டென்று காற்றை விட்டுவிடும். டியூப்லெஸ்ஸில் மெல்லத்தான் இறங்கும். ராத்திரி 10 மணிக்கு பஞ்சர் கடை தேடி வண்டியைத் தள்ள வேண்டியதில்லை.

காற்றை வாரம் ஒருமுறை, வண்டி குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். வெயிலில் ஓடிய டயரில் அழுத்தம் கூடித்தான் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கினால், ஆறியபின் குறைவாகிவிடும். மழைக்காலத்தில் பிடிமானத்துக்காகக் காற்றைக் குறைப்பதும் தவறு.

ஒரகடத்தில் அப்பல்லோ டயர் தொழிற்சாலை இருக்கிறது. ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் ராயல் என்பீல்டு தொழிற்சாலைகள் இருக்கின்றன. டயரும் பைக்கும் செய்யும் ஊரில் இருந்துகொண்டு நாம் மொட்டை டயரோடு போகலாமா?

ஒரே ஒரு வேண்டுகோள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். புரட்டாசி பிறந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நம் பார்க்கிங்கில் எல்லோரும் அவரவர் வண்டியின் இரண்டு டயரையும் குனிந்து பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஷிப்டில் இருந்தால் அவர் வண்டியையும் பார்த்துச் சொல்லுங்கள். தேய்ந்திருந்தால் தீபாவளி போனஸ் வரட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம். பல வருடங்களில் தீபாவளிக்கு முன்பே மழை வந்துவிடுகிறது.