ஊர் கூடி வைக்கும் பொறி



காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே அமைந்தது திருவரங்கம். 1994-இல் அது திருச்சிராப்பள்ளி மாநகராட்சியின் ஓர் அங்கமாயிற்று. நகரம் வளர வளர விளைநிலம் குறுகி வருகிறது. எனினும் மனைகளுக்கிடையே எஞ்சிய கால் ஏக்கரிலும் அரை ஏக்கரிலும், நகரையொட்டிய பஞ்சாயத்துகளிலும் நம்மவர் கத்தரியும் வெண்டையும் கீரையும் பயிரிட்டு வருகின்றனர். காந்தி சந்தையும் தென்னூர் உழவர் சந்தையும் அருகிலிருப்பதால், விடியலில் பறித்த காய் அன்றே விலையாகிறது.

இத்தகைய சிறு தோட்டங்களில் புதிய முறைகள் ஏன் எளிதில் வேரூன்றுவதில்லை? விவசாயிக்கு அறிவு போதாது என்று கூறிவிடுவது நியாயமன்று. கத்தரித் தோட்டம் ஒன்றையே எடுத்துக்கொண்டு ஆராய்வோம்.

கத்தரிக்குப் பெரும் பகை, குருத்தையும் காயையும் துளைக்கும் புழுவாகும். தாய் அந்துப்பூச்சி இலையிலும் மொட்டிலும் முட்டையிடுகிறது. பொரித்த புழு விரைவில் உள்ளே புகுந்துவிடுகிறது. புகுந்த பின் தெளிக்கும் மருந்து அதைச் சென்றடைவதில்லை. ஆகவே விவசாயி மேலும் மேலும் தெளிக்கிறார். செலவு ஏறுகிறது, புழுவைக் கொல்லும் சிறு குளவிகளும் மடிகின்றன. தெளித்த பின் காய் பறிக்க இத்தனை நாள் பொறுக்கவேண்டும் என்று மருந்துப் புட்டியில் எழுதியிருக்கிறது. சில நாட்களுக்கு ஒருமுறை பறித்து விற்றுப் பிழைப்பவர் எங்ஙனம் பொறுப்பார்? அந்தக் காயை உண்பவர் அடுத்த தெருவினர். நம் பிள்ளைகளும் அவர்களுள் அடங்குவர்.

இதற்கு எளிய கருவி ஒன்று உண்டு. அதுவே இனக்கவர்ச்சிப் பொறி. பெண் பூச்சியின் மணத்தை ஒத்த குளிகை ஆண் பூச்சிகளை ஈர்த்துப் பொறியில் வீழ்த்துகிறது. ஏக்கருக்கு 5 பொறிகள் போதும். கால் ஏக்கருக்கு ஒன்றோ இரண்டோ ஆகும். குளிகையைக் குறித்த காலத்தில் மாற்றவேண்டும்.

ஆயினும் ஒருவர் மட்டும் பொறி வைத்தால் பலன் குறைவு. ஏனெனில் பொறியில் விழுவது ஆண் பூச்சியே. பக்கத்துத் தோட்டத்தில் இணை சேர்ந்த பெண் பூச்சி வரப்பைத் தாண்டி வந்து முட்டையிடுகிறது. "பொறி வைத்தும் பயனில்லை" என்று அவர் கைவிடுகிறார். அதைக் கண்ட பத்துப் பேரும் விலகுகின்றனர். குற்றம் பொறியிலும் இல்லை, விவசாயியிடமும் இல்லை. பலர் சேர்ந்து செய்யவேண்டியதைத் தனியொருவர் செய்ததே குறை. 2000-க்குப் பின் வங்காளதேசத்திலும் குஜராத்திலும் இம்முறை பரப்பப்பட்டபோதும், அண்டைத் தோட்டத்தார் சேர்ந்து செய்வதே வற்புறுத்தப்பட்டது.

இங்கேதான் பஞ்சாயத்தின் கடமை தொடங்குகிறது. முதலாவதாக, அடுத்தடுத்துள்ள கத்தரித் தோட்டங்களைக் கணக்கெடுக்கவேண்டும். பட்டாதாரரை மட்டுமன்றி, குத்தகைக்குப் பயிரிடுவோரையும் காலி மனையில் பயிரிடுவோரையும் விடாது சேர்க்கவேண்டும். ஒரு தோட்டம் விடுபட்டாலும் பூச்சிக்கு அது புகலிடமாகும். இரண்டாவதாக, பொறிகளை எல்லோரும் ஒரே வாரத்தில் வைக்கவேண்டும். மூன்றாவதாக, வாடிய குருத்துகளையும் துளையுள்ள காய்களையும் வாரம் ஒருமுறை கிள்ளி அழிக்கவேண்டும். நான்காவதாக, காய்ப்பு ஓய்ந்த செடிகளை வேலியோரம் குவித்து வைக்கலாகாது. அக்குவியலிலிருந்தே அடுத்த தலைமுறைப் பூச்சி கிளம்புகிறது. செய்முறை விளக்கத்திற்குச் சிறுகமணி வேளாண்மை அறிவியல் நிலையத்தை அணுகலாம்.

அனைத்துப் பயிருக்கும் ஒரே நாளில் தொடங்கவேண்டியதில்லை. ஒரு வாய்க்காலின் கீழுள்ள தோட்டங்களில், ஒரு பருவத்திற்குச் செய்து பார்ப்போம். மருந்துச் செலவையும் சொத்தைக் காய்களின் எடையையும் முன்னும் பின்னும் குறித்து, பஞ்சாயத்துக் கூட்டத்தில் படித்துக் காட்டுவோம். அந்தக் கணக்கே அண்டை ஊராருக்கு நற்சாட்சியாகும்.

திருவரங்கத்துத் தேர் ஒருவர் இழுத்து நகர்வதன்று. வடம் பிடிக்கும் கைகள் பல சேர்ந்தால்தான் அது நிலைக்கு வரும். கத்தரித் தோட்டத்துப் பொறியும் அத்தகையதே. வாருங்கள், சேர்ந்து வடம் பிடிப்போம்!